மருந்தா, வேண்டுதலா? – ஒரு பழைய கேள்வியின் வரலாறு



இது நீளமான பதிவு. பஸ்ஸில் நின்றுகொண்டே படிக்க வேண்டாம். இரவு சாப்பாடு முடித்து, சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள்.

என்னிடம் படித்தவர்களுக்கு இப்போது நாற்பது, ஐம்பது வயது ஆகிறது. போனில் குடும்ப நலம் விசாரித்து முடித்ததும், குரலைத் தாழ்த்திச் சிலர் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "டீச்சர், வீட்டுல இவருக்கு டிப்ரஷன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. மாத்திரை எழுதிக் கொடுத்திருக்காங்க. பெரியவங்க கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனா சரியாயிடும்ங்கறாங்க. எதைச் செய்யறது?" கோயில் என்ற இடத்தில் சிலர் தர்கா என்பார்கள், சிலர் ஜெபக் கூட்டம் என்பார்கள். கேள்வி ஒன்றுதான்.

நான் மருத்துவர் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள். ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. பல நாட்டு மக்கள் இதைக் கேட்டு, தட்டுத்தடுமாறி, சில இடங்களில் உயிர்களையும் பறிகொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அதைச் சொன்னால் உங்களுக்கு உதவும் என்று தோன்றியது.

முதலில் ஒரு விளக்கம். மனநிலைக் கோளாறு என்று மருத்துவர்கள் சொல்வதில் முக்கியமானவை இரண்டு. ஒன்று மனச்சோர்வு நோய். வாரக்கணக்கில் மனம் இருண்டு கிடக்கும். தூக்கம், பசி, ஆசை எல்லாம் போய்விடும். இன்னொன்று இருதுருவ நோய், அதாவது பைபோலார். சில காலம் அதே சோர்வு, சில காலம் அளவுக்கு மீறிய உற்சாகம், தூக்கமே வேண்டாத வேகம். இரண்டுமே நோய்கள். சோம்பேறித்தனமோ திமிரோ இல்லை.

1. வில்லியம் கூப்பர் என்ற கவிஞர்

இங்கிலாந்தில் 1731-இல் பிறந்தவர் வில்லியம் கூப்பர். 1763-இல் பிரபுக்கள் சபையில் அவருக்கு ஓர் உத்தியோகம் வாய்க்க இருந்தது. அதற்குச் சபையின் முன் நேரில் நின்று பதில் சொல்ல வேண்டும். அந்தப் பயமே அவரை முறித்துப் போட்டது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். உறவினர்கள் அவரை செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் நத்தானியேல் காட்டன் என்ற மருத்துவரின் இல்லத்தில் சேர்த்தார்கள்.

அந்தக் காலத்துப் பைத்தியக்கார விடுதிகளில் விலங்கும் அடியும் சாதாரணம். காட்டன் வேறு மாதிரியானவர். பக்திமான், தானும் கவிதை எழுதுபவர். நோயாளியோடு அன்பாகப் பேசினார். மாதங்கள் கழிந்தபின் கூப்பர் ஒரு நாள் பைபிளை எடுத்துப் படித்தார். மனம் தெளிந்தது. அங்கே சுமார் ஒன்றரை ஆண்டு இருந்துவிட்டு, 1765-இல் நல்லபடியாக வெளியே வந்தார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் "பார்த்தாயா, ஜெபத்தால் குணமானார்" என்று சொல்லிவிடலாம். முடியவில்லை. பிறகு அவர் ஓல்னி என்ற ஊருக்குப் போனார். அங்கே ஜான் நியூட்டன் என்ற போதகரோடு சேர்ந்து பக்திப் பாடல்கள் எழுதினார். அவை 1779-இல் 'ஓல்னி ஹிம்ஸ்' என்ற நூலாக வந்தன. ஆனால் நூல் வருவதற்கு ஆறு ஆண்டு முன்பே, 1773-இல், நோய் திரும்பி வந்துவிட்டது. இந்த முறை அது பக்தியின் உருவத்திலேயே வந்தது. கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார், தனக்கு மீட்பே இல்லை என்று உறுதியாக நம்பினார். அதன்பிறகு அவர் ஆலயத்துக்கே போகவில்லை. அவர் எழுதிய பாடல்களை ஊரே பாடியது. அந்தப் பாடல்கள் தரும் ஆறுதல் தனக்கு இல்லை என்று அவர் மட்டும் நம்பினார்.

நியூட்டனின் கடுமையான சமயக் கொள்கைதான் அவரைக் கெடுத்தது என்று பின்னால் சிலர் குற்றம் சொன்னார்கள். அது சரியாகப் படவில்லை. முதல் முறை அவர் நொறுங்கியது மதத்தில் தீவிரமாவதற்கு முன்பு. பக்தி இல்லாதபோதும் நோய் வந்தது, பக்தி இருந்தபோதும் வந்தது. இருக்கிற நம்பிக்கையை வளைத்துத் தன் ஆயுதமாக்கிக்கொள்வது இந்த நோயின் குணம். "நான் பாவி, கடவுள் என்னைப் பார்க்க மாட்டார்" என்று சோர்வில் இருக்கும் ஒருவர் சொன்னால், அது ஞானம் இல்லை, பக்திக் குறைவும் இல்லை. அது நோயின் குரல். அந்த நேரத்தில் "நீ இன்னும் சரியாக வேண்டிக்கொள்ளவில்லை" என்று சொல்வது புண்ணில் உப்பு வைப்பது.

கூப்பரைத் தாங்கிப் பிடித்தவர் மேரி அன்வின் என்ற அம்மையார். தோட்ட வேலை, தச்சு வேலை, மூன்று முயல் குட்டிகள், பிறகு எழுத்து. இவற்றோடு அவர் 1800 வரை வாழ்ந்தார். 'தி டாஸ்க்' என்ற பெரிய நூல் 1785-இல் வந்தது. நோய் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் அந்த வாழ்க்கை வீணாகவில்லை.

2. யார்க் நகரத்து ரிட்ரீட்

அதே இங்கிலாந்து, 1790. ஹானா மில்ஸ் என்ற விதவைப் பெண் மனச்சோர்வோடு யார்க் மனநோய் விடுதியில் சேர்க்கப்பட்டார். அவர் குவேக்கர் என்ற எளிய கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். அந்தப் பிரிவினர் அவரைப் பார்க்கப் போனபோது விடுதி அனுமதிக்கவில்லை. சேர்ந்து சில வாரங்களிலேயே அவர் இறந்துபோனார். உள்ளே என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

வில்லியம் டியூக் என்ற தேயிலை வியாபாரி இதைப் பொறுக்க முடியாமல், நாமே ஓர் இல்லம் கட்டுவோம் என்று தம் சபையில் பேசினார். ஆதரவு உடனே கிடைக்கவில்லை. நான்கு ஆண்டு முயற்சிக்குப் பின் 1796-இல் 'ரிட்ரீட்' திறக்கப்பட்டது. சுமார் முப்பது பேருக்கான இடம். விலங்கு இல்லை, அடி இல்லை. தோட்டம், நடைப்பயிற்சி, நல்ல சாப்பாடு, தேநீர் விருந்து. முடிந்தவர்களுக்கு வேத வாசிப்பும் சபைக் கூட்டமும்.

டியூக்கின் பேரன் சாமுவேல் டியூக் 1813-இல் இந்த இல்லத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் இரண்டு செய்திகள் எனக்கு முக்கியமாகப் பட்டன. ஒன்று, சமய நெறி நோயாளிக்கு நன்மை தரும் என்று அவர்கள் மனதார நம்பினார்கள். இரண்டு, அப்படி நம்பியும் மனச்சோர்வில் இருப்பவரிடம் அவருடைய விரக்தியைப் பற்றி வாதம் செய்யக் கூடாது என்று வைத்திருந்தார்கள். உபதேசம் செய்து மாற்றப் பார்ப்பதை விட, நடக்க அழைத்துப் போ, வேறு பேச்சுப் பேசு, கைக்கு வேலை கொடு என்பது அவர்கள் வழி.

அங்கே மருத்துவரும் இருந்தார். தாமஸ் ஃபவுலர் என்ற அந்த மருத்துவர் அக்காலத்து மருந்துகளை ஒவ்வொன்றாகப் பரிசோதித்துப் பார்த்தார். பெரும்பாலானவை பயன்படவில்லை என்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். சோர்வு நோயாளிகளுக்கு வெந்நீர்க் குளியல் ஓரளவு உதவுகிறது என்று கண்டார். பக்தியுள்ள ஓர் இல்லம் தன் மருத்துவத்தைத் தானே சோதித்துப் பார்த்தது. இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

3. ஏர்வாடி

இனி நம் ஊர். இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி தர்காவுக்கு மனநலம் குன்றியவர்களை அழைத்து வருவது நெடுநாள் வழக்கம். எல்லா மதத்தினரும் வருவார்கள். வருகிறவர்கள் பெருகியதும், தர்காவைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் முளைத்தன. பணம் வாங்கிக்கொண்டு நோயாளியைக் கட்டி வைப்பார்கள். மருத்துவர் கிடையாது.

2001 ஆகஸ்டு 6, விடியற்காலை. அப்படி ஒரு காப்பகத்தில் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

அந்தச் செய்தி வந்த நாளை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஒரு வாரத்துக்குள் அங்கிருந்த அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு, 500-க்கும் மேற்பட்டவர்கள் அரசின் பொறுப்பில் எடுக்கப்பட்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அந்தக் காப்பகத்தை நடத்தியவர்களுக்கு 2007-இல் சிறைத்தண்டனை கிடைத்தது. 2017-இல் வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தெளிவாகத் தடை செய்தது.

இதில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்த 28 பேரைக் கொன்றது துஆ இல்லை. சங்கிலியும், மருத்துவம் இல்லாமையும், வெட்கப்பட்டு அவர்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டு மறந்த குடும்பங்களும்தான். ஹானா மில்ஸை அடைத்தது ஒரு மருத்துவ விடுதி. ஏர்வாடியில் இவர்களைக் கட்டியது புனிதத் தலத்தை அண்டிப் பிழைத்த ஒரு காப்பகம். இரண்டிலும் ஆபத்து பூட்டிய கதவில்தான் இருந்தது.

4. ஒரு கோயிலில் நடந்த ஆய்வு

ஏர்வாடி தீ நடந்த மறு ஆண்டு, 2002-இல், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. மருத்துவர் ரகுராமும் உடன் பணியாற்றியவர்களும் தென்னிந்தியாவின் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 பேரைக் கவனித்து எழுதியது. அங்கே தங்க இலவசம். நோயாளியோடு உறவினர் ஒருவர் கூட இருக்க வேண்டும். காலையில் ஒரு சின்ன பூஜை. பிறகு கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற கோயில் வேலைகள். பேயோட்டும் சடங்கு எதுவும் இல்லை. சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். நோயின் கடுமையை அளக்கும் மதிப்பெண் சுமார் 20 சதவீதம் குறைந்திருந்தது.

இதைக் கேட்டதும் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்த 31 பேரில் பெரும்பாலோர் மனச்சிதைவு நோயாளிகள். பைபோலார் உள்ளவர்கள் இருவர்தான். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் இல்லை. ஆய்வாளர்களே, ஆதரவும் அச்சமின்மையும் கொண்ட இடம் என்பதால் வந்த நன்மை இது என்ற கோணத்தில்தான் எழுதினார்கள். 1796-இல் யார்க்கில் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். சாமி வேறு, சாப்பாடு வேறு. அன்பு, ஒழுங்கான நாள், கைக்கு வேலை, கூட ஒரு சொந்தக்காரர் என்ற நான்கும் ஒன்றே.

திருச்சியை அடுத்த குணசீலம் பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலை எல்லோருக்கும் தெரியும். ஒரு மண்டலம், அதாவது 48 நாள் தங்கி, உச்சிக்காலத்திலும் அர்த்தஜாமத்திலும் தீர்த்தம் தெளித்துக்கொள்வது வழக்கம். அங்கே கோயிலை ஒட்டி மனநல மறுவாழ்வு மையமும் இருக்கிறது. மனநல மருத்துவரும் வந்து பார்க்கிறார். குஜராத்தில் உனாவா என்ற ஊரின் மீரா தாதார் தர்காவில் 2008 முதல் 'தவா – துஆ' என்ற திட்டம் நடக்கிறது. தவா என்றால் மருந்து, துஆ என்றால் வேண்டுதல். வேண்ட வருகிறவரை அங்குள்ள முஜாவர்களே பக்கத்து அறையில் இருக்கும் மருத்துவரிடம் அனுப்புகிறார்கள். பிறகு ஏர்வாடியிலும் அதே முறை வந்தது. 28 உயிர் போன ஊரில், துஆ ஓதுகிறவரே "டாக்டரையும் பாருங்கள்" என்று சொல்லும் நிலை வந்திருக்கிறது. இது சின்ன மாற்றம் இல்லை.

5. தியானம் மருத்துவமனைக்குள் நுழைந்த கதை

இதுவரை சொன்னது கோயில் பக்கம் மருத்துவர் போன கதை. மருத்துவர் பக்கம் தியானம் போன கதையும் உண்டு.

1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபாட்-சின், தீராத வலி உள்ளவர்களுக்குப் பௌத்தத் தியான முறையைச் சமயச் சொற்கள் இல்லாமல் எட்டு வாரப் பாடமாக நடத்தத் தொடங்கினார். 1990-களில் ஜான் டீஸ்டேல், மார்க் வில்லியம்ஸ், சிண்டெல் சீகல் என்ற மூன்று உளவியலாளர்கள் வேறொரு சிக்கலோடு போராடிக்கொண்டிருந்தார்கள். மனச்சோர்வு குணமாகிறது, ஆனால் திரும்பத் திரும்ப வருகிறதே, அதை எப்படித் தடுப்பது?

அவர்கள் கவனித்தது இது. பலமுறை நோய் கண்டவருக்கு ஒரு சின்ன வருத்தம் வந்தாலும் போதும். "நான் உதவாக்கரை" என்ற பழைய எண்ணச் சுழல் தானாகத் தொடங்கிவிடும். மூச்சைக் கவனித்து, எண்ணத்தை எண்ணமாக மட்டும் பார்க்கப் பழகினால் அந்தச் சுழலில் இருந்து விலகி நிற்கலாம். தியானத்தையும் சிந்தனைச் சிகிச்சையையும் சேர்த்து எட்டு வார வகுப்பு ஒன்றை உருவாக்கினார்கள்.

2000-இல் 145 பேரிடம் செய்த சோதனையின் முடிவு வந்தது. மூன்று முறையோ அதற்கு மேலோ நோய் கண்டவர்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 66 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. தியான வகுப்பும் சேர்ந்தவர்களுக்கு 37 சதவீதம். இரண்டு முறை மட்டும் நோய் கண்டவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. 2004-இல் இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு நிறுவனம் இதைப் பரிந்துரைத்தது. 2015-இல் லான்செட் இதழில் 424 பேரைப் பற்றிய ஆய்வு வந்தது. மருத்துவர் துணையோடு மாத்திரையைக் குறைத்துத் தியான வகுப்புக்குப் போனவர்களில் இரண்டு ஆண்டுக்குள் 44 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 47 சதவீதம். ஏறத்தாழ சமம்.

பெங்களூர் நிம்ஹான்சிலும் 2000-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கடுமையான சோர்வோடு மருத்துவமனையில் இருந்த 45 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். நான்கு வாரத்தில் மின்சிகிச்சை பெற்றவர்களில் 93 சதவீதம், இமிப்ரமின் மாத்திரை சாப்பிட்டவர்களில் 73, சுதர்சனக் கிரியா மூச்சுப்பயிற்சி செய்தவர்களில் 67 சதவீதம் பேர் தேறினார்கள். மூச்சுப்பயிற்சிக்குப் பலன் இருந்தது. அதிகப் பலன் மின்சிகிச்சைக்கு. சினிமாவில் தண்டனை போலக் காட்டுகிறார்களே, அதே சிகிச்சைதான்.

இந்த எண்களை நிதானமாகப் படியுங்கள். தியான வகுப்பு சோதிக்கப்பட்டது தேறியபின், நோய் திரும்பாமல் இருக்க. படுத்த படுக்கையாக, உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிற நேரத்தில் "கண்ணை மூடித் தியானம் செய்" என்பதற்கு இது ஆதாரம் ஆகாது. மாத்திரையைக் குறைத்ததும் மருத்துவர் பார்வையில்தான். தானாக நிறுத்தியவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

6. பைபோலார் உள்ள வீடுகளுக்குத் தனியாக

1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், லித்தியம் என்ற எளிய உப்பு மிகை உற்சாக நிலையைத் தணிப்பதைக் கண்டுபிடித்தார். இன்றுவரை அது முக்கியமான மருந்து. இதைச் சாப்பிடுகிறவர்கள் விரதம் இருக்கும்போது கவனம் வேண்டும். தண்ணீர் குடிக்காமல் உடம்பு வறண்டால் இரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறி விஷமாகலாம். நோன்போ, சஷ்டியோ, உபவாச ஜெபமோ, முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அடுத்தது கண்விழிப்பு. தூக்கம் கெட்டால் பைபோலார் உள்ளவருக்கு மிகை உற்சாக நிலை கிளம்பிவிடக் கூடும். சிவராத்திரியானாலும் முழு இரவு ஜெபமானாலும் அவர்களைத் தூங்க விடுங்கள். திடீரென்று ஒருவர் மூன்று நாள் தூங்காமல், பக்திப் பரவசத்தில், "சாமி என்னிடம் பேசுகிறது" என்று பணத்தை வாரி இறைத்தால், அருள் வந்துவிட்டது என்று கைகூப்புவதற்கு முன் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

7. அப்படியானால் என்ன செய்வது?

இந்த வரலாற்றிலிருந்து மூன்று கேள்விகளை எடுத்து வைத்திருக்கிறேன். கோயிலோ, தர்காவோ, ஜெப வீடோ, யோகா மையமோ, ஆஸ்பத்திரியோ, நம் வீட்டு ஆளை அழைத்துப் போகும் முன் கேளுங்கள்.

நினைத்த நேரத்தில் போய்ப் பார்க்க விடுவார்களா? ஹானா மில்ஸைப் பார்க்கப் போன அவர் பிரிவினரை விடவில்லை.

கட்டிப் போடுவது, பட்டினி போடுவது, தூங்க விடாமல் செய்வது இவற்றில் ஏதாவது உண்டா? இருந்தால் உடனே திரும்பி வந்துவிடுங்கள். ஏர்வாடியை மறக்க வேண்டாம்.

"டாக்டர் மருந்தை நிறுத்து" என்று சொல்கிறார்களா? உண்மையான அருளாளர் யாரும் மருந்துக்குப் போட்டியாக நிற்க மாட்டார். அப்படிச் சொல்பவரிடம் ஒரு நிமிடமும் நிற்காதீர்கள்.

மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் தாராளமாகப் போங்கள். விளக்கேற்றுங்கள், ஓதுங்கள், பாடுங்கள். மருத்துவரிடமும் "டாக்டர், இவங்களுக்குச் சாமி நம்பிக்கை உண்டு, தினமும் இதைச் செய்வாங்க" என்று மறைக்காமல் சொல்லுங்கள். நல்ல மருத்துவர் சிரிக்க மாட்டார். அதையும் சிகிச்சையோடு சேர்த்துக்கொள்வார்.

நம்பிக்கை இல்லாதவரை யாரும் வற்புறுத்த வேண்டாம். அவருக்கு மாலை நடையோ, தோட்டமோ, ஒரு நாய்க்குட்டியோ போதும். கூப்பருக்கு முயல் குட்டிகள் இருந்தனவே.

உடனடி உதவிக்கு ஓர் எண்: 14416. மத்திய அரசின் டெலி மானஸ், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். தமிழக அரசின் 104-க்கும் அழைக்கலாம். உயிரை விடும் பேச்சு வந்தால் காலை வரை காத்திருக்க வேண்டாம். தனியாக விடாமல் கூடவே இருந்து, அந்த இரவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

இந்தப் பதிவை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். அவர்கள் கோயிலுக்குப் போகச் சொல்வது பாசத்தால்தான். அவர்களிடம் சண்டை போட வேண்டாம். "பாட்டி, சாமியையும் கும்பிடுவோம், மாத்திரையையும் போடுவோம்" என்று சொன்னால் ஒத்துக்கொள்வார்கள். காலையில் திருநீறு பூசிவிடும் கையாலேயே மாத்திரையையும் தண்ணீரையும் எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி இருந்தால் கீழே எழுத வேண்டும் என்று இல்லை. எல்லோர் முன்னும் கேட்கக் கூச்சமாக இருந்தால் தனியாக அழையுங்கள். மாலை நாலு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்